சிம் ரேசிங்குக்கு ஒரு லட்சத்துக்குள் கம்ப்யூட்டர்: ரைசன் 5600, ஆர்எக்ஸ் 6600, ஜி29 ஓட்டிப் பார்த்த அனுபவம்

சிம் ரேசிங் என்றால் நிஜக் கார் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்கிற கம்ப்யூட்டர் பந்தய விளையாட்டு, சுருக்கமாகச் சிம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீல், மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்குள் வீட்டிலேயே ஒழுங்காகக் கார் பந்தயம் ஓட்டிப் பழக வேண்டும் என்றால் ரைசன் 5 5600 பிராசசர், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ரேம், லாஜிடெக் ஜி29 வீல் (பெடலோடு வரும் ஸ்டீயரிங்) என்ற கூட்டணி இன்றைக்கும் தாராளமாகப் போதும். 2025 நடுவில் இதை அசெம்பிள் செய்தேன். அப்போதிலிருந்து முக்கால்வாசி இரவு இதில்தான் போகிறது, முழுத் திருப்தி. ஆனால் இந்தப் பட்டியலை அப்படியே கடையில் நீட்டினால் வேலை முடிந்துவிடாது. எந்தப் பொருளில் எதைக் கவனிக்க வேண்டும், எங்கே காசை இறுக்கிப் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதெல்லாம் இருக்கிறது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி இரவில் பந்தயக் கார்கள் ஓடின. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு "நானும் ஓட்டிப் பார்க்கணும், என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்" என்று கேட்கிற தம்பிகள் அதிகமாகிவிட்டார்கள். கேட்கிற பலரிடமும் ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறது: 90 ஆயிரத்துக்குக் கம்ப்யூட்டர், அதில் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கு, வீல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த அப்புறம் வருவதே இல்லை. கொஞ்ச நாள் கீபோர்டில் ஓட்டுவார்கள், முதல் வளைவிலேயே கார் சுற்றும், "சிம் ரேசிங்னா இவ்வளவுதானா" என்று விட்டுவிடுவார்கள். சிம் ரேசிங்கில் வீலும் பெடலும்தான் விளையாட்டே. கம்ப்யூட்டரின் வேலை அந்த வீலுக்கு விக்காமல் திணறாமல் தகவல் அனுப்பிக்கொண்டே இருப்பது. அதனால் வீலுக்கான காசை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் கம்ப்யூட்டரைப் பார்க்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன்.

சுமார் கணக்கு இது. வீல் 26 ஆயிரம், மானிட்டர் 10 ஆயிரம், யுபிஎஸ் மூன்றரை ஆயிரம் போக, கம்ப்யூட்டருக்கு 57, 58 ஆயிரம் வந்தது. பிராசசர் 11, மதர்போர்டு ஒன்பதரை, கிராபிக்ஸ் கார்டு இருபதரை, மற்றதெல்லாம் மிச்சத்தில். ரேம் அப்போது மூன்றரை ஆயிரம்தான். 2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறத் தொடங்கிவிட்டது, அதனால் என் கணக்கை வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, பிராசசரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் சிம்களில் எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் அதுதான்.

சாதாரணத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கண்ணுக்கு அழகாகப் படம் வரைவதுதான் பெரிய பாரம், அதைக் கிராபிக்ஸ் கார்டு சுமக்கிறது. சிம்மில் அதோடு இன்னொரு பாரம் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது: ஒவ்வொரு டயரும் ரோட்டை எப்படிப் பிடிக்கிறது, சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கியது, எடை எந்தப் பக்கம் சாய்ந்தது என்ற கணக்கு. அசெட்டோ கோர்சா என்ற சிம் இந்தக் கணக்கை நொடிக்கு 333 முறை போடுகிறது, ஐரேசிங் என்ற ஆன்லைன் சிம் 360 முறை. உங்கள் கார் ஒன்றுக்கு மட்டும் இல்லை, கம்ப்யூட்டர் ஓட்டுகிற எதிரிக் கார்களுக்கும் சேர்த்து. இது அத்தனையும் பிராசசரின் தலையில்தான் விழுகிறது, அதுவும் பெரும்பகுதி ஒன்றிரண்டு கோர்களின் மேல். எட்டு கோர், பன்னிரண்டு கோர் என்று எண்ணிக்கைக்குக் காசு கொடுப்பதைவிட, தனிக் கோர் ஒவ்வொன்றும் எவ்வளவு வேகம், உள்ளே கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கிற அதிவேக நினைவகம்) எவ்வளவு என்று பார்ப்பதுதான் முக்கியம்.

5600-இல் ஆறு கோர், 32 எம்பி எல்3 கேஷ், 65 வாட். கடையில் "அதே மாதிரிதான், ரெண்டாயிரம் கம்மி" என்று ரைசன் 5 5500-ஐக் காட்டுவார்கள். பெயர்தான் பக்கத்தில் இருக்கிறது, அதில் கேஷ் பாதி, 16 எம்பிதான், பிசிஐஇயும் (கிராபிக்ஸ் கார்டுக்குத் தகவல் போகிற பாதை) பழைய 3.0-தான். மற்ற வேலைகளுக்கு 5500 தப்பில்லை, சிம்முக்கு வேண்டாம். கேஷ் இந்த விளையாட்டுகளுக்கு எவ்வளவு தேவை என்பதற்கு 96 எம்பி கேஷோடு 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி ஒன்றே சாட்சி. அசெட்டோ கோர்சாவுக்கு அடுத்து வந்த காம்பெடிசியோனேயிலும் ஐரேசிங்கிலும் அது தன்னைவிட விலை அதிகமான பிராசசர்களோடு சரிக்குச் சரியாக நின்றது. அதன் தம்பி 5700எக்ஸ்3டியும் இதே ஏஎம்4 போர்டில் (இந்த ஏஎம்டி பிராசசர்கள் உட்காரும் மதர்போர்டு வகை) உட்காரும், ஆனால் இரண்டையுமே இப்போது புதிதாகப் பிடிப்பது கஷ்டம். நல்ல விலைக்கு யாராவது விற்றால் யோசிக்காமல் வாங்கிப் போடுங்கள்.

சிம்மில் சராசரி ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வருகிற படங்கள்) எண்ணிக்கையைவிட, ஃபிரேம்கள் சீராக வருகிறதா என்பதே பெரிது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 250 கிலோமீட்டரில் போகிற கார் நொடிக்கு 69 மீட்டர் நகர்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் வந்தால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் கார் ஒரு மீட்டருக்கு மேல் போயிருக்கும், 120 வந்தால் அரை மீட்டர் சொச்சம். நடுவில் 50 மில்லிசெகண்ட் ஒரு தடுக்கல் வந்தால் மூன்றரை மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய மாதிரி. இத்தாலியின் மான்ஸா தடத்தில் முதல் சிக்கேனுக்கு (அடுத்தடுத்து எதிரெதிராகத் திரும்பும் வளைவுக்கு) முன்னால், பிரேக் பலகையைப் பார்த்துக் காலை அழுத்தப்போகிற அந்த இடத்தில் இது நடந்தால் நேராக ஓரக்கட்டையைத் தாண்டி வெளியேதான். சராசரி 140 என்று மீட்டர் காட்டினாலும் அங்கங்கே தடுக்கினால் அந்தக் கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு லாயக்கில்லை. 90-இலேயே சீராக நின்றால் அதுதான் நல்ல கம்ப்யூட்டர்.

இங்கே ஏஎம்4 போர்டு வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதர்போர்டின் பயாஸ் (போர்டை இயக்குகிற அடிப்படை மென்பொருள்) பழையதாக இருந்தால், விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியாலேயே எப்போதாவது ஒரு விநாடி சொச்சம் எல்லாம் உறைந்து நிற்கும். இதை 2022 மார்ச்சில் ஏஎம்டியே ஒப்புக்கொண்டு, அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து வந்த பயாஸ்களில் சரிசெய்தது. கடைகளில் இன்னும் பழைய ஸ்டாக் போர்டுகள் இருக்கின்றன, செகண்ட் ஹேண்டில் கேட்கவே வேண்டாம். அசெம்பிள் செய்கிறபோதே "பயாஸ் அப்டேட் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். பந்தயத்தின் கடைசிச் சுற்றில் உறைந்துபோனால் கேமையும் கார்டின் டிரைவர் மென்பொருளையும் திட்டிக்கொண்டு இருப்பீர்கள், காரணம் இங்கே இருக்கும்.

போர்டு பி550 வாங்கினேன், அதற்கு முந்தைய ரகமான பி450 இல்லை. ஆர்எக்ஸ் 6600 பிசிஐஇ 4.0-இல் எட்டு லேன் (தகவல் பாதை) மட்டுமே எடுத்துக்கொள்கிற கார்டு. பி450-இல் போட்டால் 3.0 வேகத்தில் ஓடும், இழப்பு கொஞ்சம்தான், ஆனாலும் இழப்புதான். ஏற்கெனவே வீட்டில் பி450 இருந்தால் அதற்காக மாற்ற வேண்டாம்.

ரேம் விஷயத்தில்தான் சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி தெருவில் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும், நரசிங்கபுரம் தெரு வரைக்கும் இரண்டு பக்கமும் கடை. ஆன்லைனில் ஒன்றிரண்டு பொருள் ஐந்நூறு, ஆயிரம் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் எல்லாம் ஒரே பில்லில், கண் முன்னாலேயே பூட்டி, ஓடவிட்டுப் பார்த்து வாங்கி வருகிற நிம்மதிக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுக்கலாம். நான் போன கடையின் பெயர் வேண்டாம். கொட்டேஷனில் 16 ஜிபி என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பூட்டுகிற நேரத்தில் பார்த்தால் 16 ஜிபி ஒரே ஸ்டிக். "ஒரே ஸ்டிக்கா போட்டா பின்னாடி இன்னொண்ணு சேத்துக்கலாம் சார்" என்றார் பூட்டுகிற பையன். "இல்ல தம்பி, எட்டு எட்டா ரெண்டு போடுங்க" என்றேன். ஒற்றை ஸ்டிக்கில் ரேம் ஒரே பாதையில் ஓடும், இரண்டு போட்டால் இரண்டு பாதை, இந்தப் பிராசசருக்கு அது பெரிய வித்தியாசம். குறிப்பாக அந்தத் தடுக்கல்கள் குறையும். அதோடு பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) போட்டுவிட்டார்களா என்று அங்கேயே பாருங்கள். போடாவிட்டால் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு ரேம் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் எழுதியிருக்கும், அரை நிமிட வேலை.

அதே கடையில் எஸ்எம்பிஎஸ்ஸையும் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி) மாற்றப் பார்த்தார்கள். பெட்டியில் 600 வாட் என்று பெரிதாக அச்சடித்த, பெயர் கேள்விப்படாத ஒன்று. "உங்களோடது 550, இது 600, விலையும் கம்மி." இந்தக் கம்ப்யூட்டர் முழுப் பாரத்தில் ஓடும்போதும் 250 வாட் பக்கத்தில்தான் இழுக்கிறது. கார்டு 132 வாட், பிராசசர் எழுபது எண்பது, மிச்சம் சில்லறை. அதனால் வாட் எண்ணிக்கை இங்கே பிரச்சினையே இல்லை, நல்ல கம்பெனியின் 450 கூடப் போதும். உள்ளே இருக்கிற பாகங்களின் தரமும், வாரண்டி எத்தனை வருஷம் என்பதும்தான் கேள்வி. நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்குகிற லட்சணத்துக்கு மட்டமான எஸ்எம்பிஎஸ் போனால் தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். ஐந்து வருஷ வாரண்டி உள்ள 550 வாட் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். கூடவே 600 விஏ யுபிஎஸ். அது தருவது 360 வாட், கரண்ட் போனால் காரை ஓரம்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைக்கிற அளவுக்கு நேரம் தருகிறது. ஆன்லைன் பந்தயத்தில் அதற்கு மேல் நிம்மதி வேண்டுமென்றால் வீட்டு இன்வெர்ட்டர் லைனில் மோடத்தையும் போட்டு வையுங்கள்.

இனி கிராபிக்ஸ் கார்டு. ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 2021 அக்டோபரில் வந்தது. பழசுதான். ஆனால் 1080பி மானிட்டர் ஒன்றுக்கு, சிம்களுக்கு, இந்த விலையில் இதைவிட நிறைவாக எனக்கு எதுவும் தெரியவில்லை. என்விடியா பக்கம் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி நல்ல கார்டு, 170 வாட் இழுக்கும், விலையும் கூட. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மட்டும் வேண்டவே வேண்டாம், 4 ஜிபி மெமரி, நாலு லேன், எங்கே போட்டாலும் மூச்சு முட்டும். ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும்: 2025 அக்டோபரில் ஏஎம்டி இந்த 6000 வரிசைக்கான டிரைவரைத் தனிக் கிளைக்கு ஒதுக்குவதாகச் சொன்னபோது பெரிய எதிர்ப்பு வந்தது, பிறகு புது விளையாட்டுகளுக்கான ஆதரவு தொடரும் என்று விளக்கம் கொடுத்தார்கள். நாம் ஓட்டுகிற சிம்கள் பெரும்பாலும் பழையவை என்பதால் எனக்கு இது உறுத்தவில்லை. ஐந்து வருஷத்துக்குப் புதுப் புது விளையாட்டாக ஆட நினைக்கிறவர்களுக்கு உறுத்தலாம்.

ஓட்டத்தில் எப்படி? அசெட்டோ கோர்சா 2014-இல் வந்த இத்தாலிக்காரர்களின் விளையாட்டு, ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் தள்ளுபடி நேரத்தில் அல்டிமேட் எடிஷனை மிகக் குறைந்த விலைக்கு வாங்கலாம், காசுக்கு இதைவிட மதிப்பான சிம் கிடையாது. அதில் கன்டென்ட் மேனேஜர், கஸ்டம் ஷேடர்ஸ் பேட்ச் என்ற கூடுதல் மென்பொருள்கள் இரண்டையும் போட்டு, இருபது எதிரிக் கார்களோடு பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓட்டினாலும் 120-க்குக் கீழே எனக்கு இறங்குவது அபூர்வம். ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் தடத்தின் வடக்கு வளையம், 20.8 கிலோமீட்டர், லேசர் ஸ்கேன் செய்தது, அதில் தனியாக ஓட்டும்போது மானிட்டர் தாங்குகிற 165-இலேயே நிற்கிறது. ஆட்டோமொபிலிஸ்டா 2 பிரேசில்காரர்கள் செய்தது, இந்தக் கார்டுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி ஓடுகிறது. மழை பெய்யும்போதுகூடச் சுருங்கவில்லை.

அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனேதான் இந்தக் கம்ப்யூட்டருக்கு உண்மையான பரீட்சை. அன்ரியல் எஞ்சினில் செய்தது, கார்டையும் பிராசசரையும் சேர்த்துப் பிழியும். எல்லாவற்றையும் எபிக் என்ற உச்சத் தரத்தில் வைத்து, இருபது கார், இரவு, மழை, ஸ்பாவில் பந்தயத் தொடக்கம் என்று போட்டால் 55, 60-க்கு இறங்கிவிடுகிறது, வீலிலும் அது தெரிகிறது. அதனால் நான் செய்தது: நிழலை மீடியம், எஃபெக்ட்ஸை மீடியம், பின்பார்வைக் கண்ணாடியின் தூரத்தையும் தரத்தையும் நன்றாகக் குறைத்தேன், கண்ணுக்குத் தெரிகிற எதிரிக் கார் எண்ணிக்கையைப் பதினைந்தாக்கினேன். கண்ணாடிக்காகப் பின்பக்கம் முழுவதையும் இன்னொரு முறை வரைய வேண்டியிருப்பதால் அங்கேதான் நிறைய மிச்சமாகிறது. இப்போது பகல் பந்தயத்தில் 85, 90, இரவு மழையில் எழுபதுக்கு மேல். படம் கொஞ்சம் மங்கல், சண்டை போடும்போது அது யார் கண்ணிலும் படாது. அஜித் அணி துபாயில் ஓட்டிய போர்ஷே 992 கப் வகைக் கார் இதில் சேலஞ்சர்ஸ் பேக் என்ற கூடுதல் தொகுப்பில் இருக்கிறது. ஏபிஎஸ் கிடையாது, பிரேக்கில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் முன் டயர் பூட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் அதை ஒழுங்காக ஓட்டிவிட்டு எழுந்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும்.

விஆர் ஹெட்செட் ஆசை இருப்பவர்களுக்கு: அசெட்டோ கோர்சாவில் சமாளிக்கலாம், காம்பெடிசியோனேயை இந்தக் கார்டில் விஆரில் ஓட்ட நினைக்காதீர்கள்.

கேபினெட் முன்பக்கம் வலை உள்ளதாக இருக்கட்டும். கண்ணாடி மூடிய அழகுப் பெட்டிகள் சென்னை மே மாதத்துக்கு ஆகாது. முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, போதும். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். பிராசசரோடு பெட்டியிலேயே வருகிற கூலர் சத்தம் போடும், ஆனால் வேலை செய்கிறது. ஹெட்போன் போட்டால் கேட்காது, அதற்குத் தனியாகக் காசு செலவழிக்கவில்லை. எஸ்எஸ்டி மட்டும் 1 டிபி வாங்குங்கள், அசெட்டோ கோர்சாவுக்குக் கார், தடம் என்று இறக்க ஆரம்பித்தால் நூறு ஜிபி எங்கே போனதென்றே தெரியாது.

மானிட்டர் 24 இஞ்ச், 1080பி, 165 ஹெர்ட்ஸ், ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) உள்ளது. பெரிதாக 32 இஞ்ச் வாங்கி அறைக்கு அந்தப் பக்கம் வைப்பதைவிட, 24-ஐ வீலுக்கு நேர் பின்னால் முகத்துக்குக் கிட்டத்தில் வைப்பது நல்லது. காரணம் பார்வைக் கோணம். 24 இஞ்ச் திரையின் உயரம் கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் வைத்தால் சரியான செங்குத்துக் கோணம் 28 டிகிரிதான், 50-க்குக் கொண்டுவந்தால் 33. விளையாட்டு தானாகத் தருவது இதைவிட அகலமாக இருக்கும், வேகம் அதிகம்போலத் தோன்றும், ஆனால் வளைவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மூளை தப்பாகவே கணக்குப் போடும். சரியான எண்ணைப் போட்டதும் முதலில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல மூச்சு முட்டும், பக்கத்தில் வருகிற கார் தெரியாது. பொறுத்துக்கொண்டு ஓட்டுங்கள். பிரேக் போடுகிற இடம் சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் விழ ஆரம்பிக்கும். பக்கத்துக் காரைப் பார்க்கத் திரையில் ராடார் போட்டுக்கொள்ளலாம். ஃபிரேம் வரம்பை மானிட்டர் வேகத்துக்கு நாலைந்து கீழே வைத்து, வி-சிங்கை (மானிட்டருக்காகக் கார்டைக் காத்திருக்க வைக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு, ஃப்ரீசிங்க்கை நம்புங்கள். வி-சிங்க் போட்டால் கையைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஒரு இழுவை வந்துவிடும்.

இப்போது ஜி29. 2015-இல் வந்த வீல், 900 டிகிரி சுற்றும், உள்ளே இரண்டு மோட்டார், பல்சக்கரம். சக்தி இரண்டு நியூட்டன் மீட்டர் சொச்சம்தான். இன்றைய டைரக்ட் டிரைவ் (பல்சக்கரம் இல்லாமல் மோட்டாரிலேயே நேராகப் பூட்டிய) வீல்களில் சின்ன ரகங்களில் ஒன்றான மோசா ஆர்5-இலேயே ஐந்தரை இருக்கிறது. ஆனால் பெடல் மூன்றும், கவ்வியும் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில், இந்தியாவில் வாரண்டியோடு, இருபத்தைந்து முப்பது ஆயிரத்துக்குள் என்றால் நான் வாங்கியபோது நடைமுறையில் இதுதான் இருந்தது. அதற்கு அடுத்து வந்த ஜி923-க்கு மேலும் காசு கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை, உள்ளே கிட்டத்தட்ட அதே பல்சக்கரம்.

கையில் பிடித்தால் தரம் தெரிகிறது. தோல் சுற்றிய வட்டம், உலோக ஷிஃப்டர், வெயில் காலத்தில் மட்டும் உள்ளங்கை வியர்த்து வழுக்கும், பைக் ஓட்டுகிற மெல்லிய கையுறை ஒன்று போட்டுக்கொள்வேன். வலது கீழே இருக்கிற சிவப்பு வட்டத் திருகை டிராக்‌ஷன் கன்ட்ரோலுக்கு (சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் உதவி) வைத்திருக்கிறேன், மழை வந்தால் கண்ணை எடுக்காமல் இரண்டு கிளிக் திருப்பிவிடலாம்.

குறை நடுவில்தான். வீல் நேராக இருக்கும்போது பல்சக்கரங்களுக்கு நடுவே சின்ன வெற்றிடம், அங்கே எந்த விசையும் கைக்கு வராது. நேர் சாலையில் கார் மிதப்பதுபோல இருக்கும், பின்பக்கம் நழுவ ஆரம்பிப்பது ஒரு கண்ணிமை தாமதமாகத் தெரியும். இதற்கு வீல்செக் என்ற சின்ன நிரலில் வீலை அளந்து, அதிலிருந்து லட் கோப்பு (வீலின் விசையைத் திருத்துகிற அட்டவணை) ஒன்றைச் செய்து அசெட்டோ கோர்சாவுக்குக் கொடுக்கலாம். கொடுத்ததும் விளையாட்டில் மினிமம் ஃபோர்ஸ் என்ற குறைந்தபட்ச விசை அமைப்பைப் பூஜ்யமாக்க வேண்டும். அப்படிச் செய்த பிறகு வீல் நடுவிலும் பேசுகிறது. இத்தாலியின் முஜெல்லோ தடத்தில் வேகமான வளைவுகளில் முன் டயர் பிடி விடும்போது வீல் சட்டென்று லேசாகிற அந்த நொடி இப்போது தெளிவாகக் கைக்கு வருகிறது. இதைச் செய்யாமல் ஜி29-ஐக் குறை சொல்கிறவர்கள் பாதி வீலைத்தான் ஓட்டுகிறார்கள். மற்ற பல விளையாட்டுகளில் லட் கிடையாது, அங்கே மினிமம் ஃபோர்ஸைப் பத்து சதவீதம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் 900 டிகிரி, சென்ட்டரிங் ஸ்பிரிங் அணைப்பு. வீலின் வயரை யுஎஸ்பி ஹப்பில் சொருகாமல் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் நேராகச் சொருகுங்கள்.

பிரேக் பெடல் பலருக்கும் பிடிக்காது. உள்ளே ஒரு ரப்பர் கட்டை, பாதி வரைக்கும் சாதாரணமாகப் போய், அதற்குப் பிறகு கல் மாதிரி நிற்கும். எனக்கு அது பிடிக்கும். நிஜக் காரிலும் பிரேக் தூரத்தைவிட அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. ஆனால் கால் முழுப் பலத்தோடு மிதித்தால்தான் நூறு சதவீதம் வரும் என்பதால் பெடல் நகரக் கூடாது. இங்கேதான் நம் வீடுகளில் சிக்கல். பெடலின் அடியில் தரைவிரிப்பைக் கவ்வுகிற பற்கள் கொடுத்திருக்கிறார்கள். நம் வீட்டில் ஏது தரைவிரிப்பு? டைல்ஸ் தரையில் ஒவ்வொரு பிரேக்குக்கும் பெடல் ஓர் அங்குலம் முன்னால் ஓடும், சக்கரம் வைத்த நாற்காலியாக இருந்தால் நீங்கள் பின்னால் ஓடுவீர்கள். ஒரு பிளைவுட் பலகையை வாங்கி, பெடலை அதில் ஸ்குரூ போட்டு இறுக்கி, பலகையின் மறுமுனை சுவரில் முட்டுகிறாற்போலப் போட்டேன். நாற்காலிக்குக் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, சக்கரம் கிடையாது, பின்கால் இரண்டும் கட்டில் காலில் முட்டும். செலவு ஆயிரத்துக்குள். சுற்று நேரத்தில் இந்தப் பலகை கொடுத்த சீரை எந்த கிராபிக்ஸ் கார்டும் கொடுக்காது.

சத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். ஓரக்கட்டை மேல் ஏறும்போதெல்லாம் பல்சக்கரம் கடகடவென்று அடிக்கும். மேஜை மெல்லியதாக இருந்தால் இன்னும் மோசம். பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் இருந்தால் மேஜைக் காலுக்கு அடியில் ரப்பர் வையுங்கள்.

காசு இன்னும் குறைவு என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அலுவலகங்களிலிருந்து கழித்து விடுகிற எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப்கள் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. அதில் தனி பவர் வயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650-ஐப் போட்டால் அசெட்டோ கோர்சாவும் டர்ட் ராலி 2.0-வும் 1080பியில் நன்றாகவே ஓடும். காம்பெடிசியோனேயை மறந்துவிட வேண்டும். வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து கார்டு உயரத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், ஒல்லிப் பெட்டியாக இருந்தால் குட்டை வகைக் கார்டுதான் பொருந்தும். அவற்றின் எஸ்எம்பிஎஸ் பல நேரம் அந்தக் கம்பெனியின் சொந்த கனெக்டரோடு இருக்கும், பின்னால் பெரிய கார்டுக்கு மாற நினைத்தால் மாட்டாது. ஆர்எக்ஸ் 580 பழைய கார்டும் சல்லிசாகக் கிடைக்கிறது, ஆனால் நிறைய கிரிப்டோ மைனிங்கில் வெந்தவை, டிரைவர் அப்டேட்டும் சுருங்கிவிட்டது. ஓடவிட்டுப் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

விளையாட்டுச் செலவையும் கணக்கில் சேருங்கள். ஐரேசிங் மாதச் சந்தா, அதற்கு மேல் கார் ஒன்று சுமார் 12 டாலர், தடம் ஒன்று சுமார் 15 டாலர். ஆன்லைனில் ஒழுங்கான பந்தயத்துக்கு அதற்கு நிகர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் ஒரு வருஷத்தில் அது ஒரு கிராபிக்ஸ் கார்டு விலைக்குப் போய்விடும். பட்ஜெட்டில் கம்ப்யூட்டர் கட்டியவர்கள் முதல் வருஷம் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

மொத்தக் காசும் ஒரே நேரத்தில் கைக்கு வராது என்றால் ஜி29-ஐ முதலில் வாங்குங்கள். வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பிலேயே லைவ் ஃபார் ஸ்பீட் என்ற பழைய சிம் ஓடும், அதன் டெமோ இலவசம், மூன்று காரும் பிளாக்வுட் தடமும் கொடுக்கிறார்கள். அந்த முன்சக்கர டிரைவ் சின்னக் காரை பிளாக்வுட்டில் பத்துச் சுற்று, கார் சுழன்றுவிடாமல், கட்டையில் முட்டாமல், ஒரு விநாடி வித்தியாசத்துக்குள் கொண்டுவரப் பழகுங்கள். அடுத்த போனஸில் பிராசசர், போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் வாங்கலாம். கார்டு கடைசியில் வரட்டும், அதற்குள் விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.